ஷிப்டு முடியும்வரை தாத்தா

பின்னலாடைத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் நூல் விலையையும் சாயக் கழிவையும் கூலி உடன்பாடுகளையும் ஏற்றுமதித் தொகையையும் விரிவாகவே கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழில் நாள்தோறும் காலை எட்டரை மணிக்குத் தடையின்றித் தொடங்க வேண்டுமென்றால், அம்மாவின் பின்னால் ஓடிவரப் பார்க்கும் நான்கு வயதுப் பையனை யாரோ ஒருவர் வாசலிலேயே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதும், திருப்பூரிலும் அதைச் சூழ்ந்த அவினாசி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி வட்டாரங்களிலும் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான் என்பதும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பேரன்மேல் தாத்தாவுக்கு உள்ள பாசம் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான் என்றாலும், திருப்பூரில் அது உணர்ச்சியாக மட்டும் நின்றுவிடாமல் நேரம் குறித்துச் செய்யப்படும் வேலையாகவும் ஆகியிருக்கிறது; அந்த வேலைக்குக் கூலி இல்லை என்பதாலேயே அதைப் பாசம் என்று மட்டும் சொல்லி ஊர் கடந்துபோகிறது.

தொழிலின் நேரக் கணக்கை அறியாமல் இந்தப் பாசம் எடுத்திருக்கும் வடிவத்தை அறிய முடியாது. பனியன் கம்பெனி என்பது, ஆயிரம் பேர் வேலை செய்யும் ஏற்றுமதி ஆலையானாலும் சந்துக்குள் பத்து மெஷின் போட்ட தகரக் கொட்டகையானாலும், ஊர் வழக்கில் இரண்டுக்கும் பொதுவான பெயர். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிவது ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நீண்டால் அது ஒன்றரை ஷிப்டு. சரக்கு ஏற்றும் தேதி நெருங்கினால் நள்ளிரவையும் தாண்டும். ஒரு ஷிப்டுக் கூலியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் சீட்டுத் தவணையும் அடங்குவதில்லை என்பதால், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்றரை ஷிப்டு பார்ப்பதே பல குடும்பங்களில் இயல்பான வேலைநாளாகிவிட்டது. அங்கன்வாடியோ பிற்பகலோடு மூடிவிடுகிறது. தொடக்கப்பள்ளி நான்கு மணியளவில் விட்டுவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று தமிழகத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்தக் குடும்பங்களின் காலை நேரப் பரபரப்பில் ஒரு பகுதியைக் குறைத்தது உண்மை. ஆனால் மாலை நான்குக்கும் இரவு எட்டரைக்கும் நடுவில் உள்ள நாலரை மணி நேரத்துக்கு எந்தத் திட்டமும் கிடையாது. அந்த நேரம் தாத்தாவினுடையது.

மாலையில் மங்கலம் சாலையிலோ பெருமாநல்லூர் சாலையிலோ ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே நின்று பார்ப்பவருக்கு இது கண்கூடாகத் தெரியும். வரிசையாக நிற்பவை பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள். கொங்கு நாட்டில் பால் கேனும் தீவனப் புல்லும் நூல் கோனும் சுமந்து பழகிய அதே வண்டியின் முன்பக்கத் தளத்தில் இப்போது பேரன் நின்றுகொள்கிறான். புத்தகப் பை தாத்தாவின் தோளில் தொங்குகிறது. தண்ணீர் பாட்டில் கைப்பிடியில் ஆடுகிறது. வண்டி நேராக வீட்டுக்குப் போவதில்லை. பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கியாக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் தாத்தா அதன் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வது மருமகளுக்குத் தெரியக்கூடாத செய்தி. பேரன் அதைச் சொல்லிவிடுவான் என்பதும் தாத்தாவுக்குத் தெரிந்ததே.

அவரை அழைக்கும் பெயரைக் கொண்டே குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொங்கு வட்டாரத்துக் குடும்பங்களில் தந்தையின் தந்தை அப்பாரு, தாயின் தந்தை அப்புச்சி. தேனி, மதுரைப் பக்கமிருந்து தையலுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் சீயான் என்ற அழைப்பு இன்னும் காதில் விழுகிறது. லைன் வீடு எனப்படும் குடியிருப்பில், அதாவது பொதுக் கழிப்பறையும் பொதுத் தண்ணீர்த் தொட்டியும் வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளின் வரிசையில், இந்த மூன்று அழைப்புகளும் ஒரே வாசலில் கலந்து ஒலிக்கின்றன. ஊரிலிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பேரனைப் பார்த்துக்கொள்வதற்கென்றே திருப்பூருக்கு வந்த பெரியவர்கள் இந்த வரிசைகளில் பலர். ஓரறை வீட்டில் மகனும் மருமகளும் இரவு தூங்க வேண்டும் என்பதால் பேரனோடு வாசலிலோ மொட்டை மாடியிலோ பாய் விரித்துக்கொள்கிறவர்களும் இவர்களே.

இன்று அறுபதைத் தாண்டி நிற்கும் இந்தத் தாத்தாக்களின் இளமையைப் புரிந்துகொண்டால்தான் பேரனிடம் அவர்கள் காட்டும் அளவு கடந்த பொறுமைக்குக் காரணம் விளங்கும். 1925 அளவில் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் நிறுவனத்திலிருந்து திருப்பூரின் பனியன் வரலாறு தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. அரை நூற்றாண்டுக் காலம் உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் பிற்பகுதியில் இத்தாலிய இறக்குமதியாளர்களின் வருகைக்குப் பின் ஏற்றுமதிக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் கம்பெனிக்குள் நுழைந்தவர்கள் முதலில் பார்த்த வேலை கைமடி. தையல்காரரின் பக்கத்தில் இருந்து வெட்டிய துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதும் அதில் அடங்கும். பிறகு ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் உட்கார்ந்து, சிலர் கட்டிங் மாஸ்டராகி, இன்னும் சிலர் நாலு மெஷின் வாங்கிப் போட்டு முதலாளியும் ஆனார்கள். 1984இல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசிக்கு ஏற்பக் கூடும் படித்தொகைக்காக, 127 நாட்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்தவர்களும் இந்தத் தலைமுறையே. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது 1986இல்; அமெரிக்காவில் குழந்தை உழைப்பால் ஆன பொருள்களைத் தடுக்கும் மசோதா 1990களின் தொடக்கத்தில் பேசப்பட்ட பின்னரே ஏற்றுமதி ஆலைகள் சிறுவர்களை வெளியே அனுப்பத் தொடங்கின. அதாவது, சிறு வயதில் இவர்களுக்கு நேர்ந்ததைச் சட்டம் குற்றம் என்று சொன்னபோது இவர்களுக்கு மீசை முளைத்துவிட்டிருந்தது.

இவர்கள் தகப்பனான காலம் ஏற்றுமதி கொழித்த காலம். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, தூங்குகிற குழந்தையைப் பார்த்துவிட்டு, அது விழிப்பதற்குள் மீண்டும் கிளம்பியவர்களுக்குத் தம் மகன் நடக்கப் பழகியதும் பேசப் பழகியதும் மனைவி சொல்லிக் கேட்ட செய்திகளாகவே இருந்தன. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில், உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து முதலாளியானவர்கள் தம் உயர்வுக்குக் காரணமாக உழைப்பு என்ற ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த உழைப்புக்கு அவர்கள் கொடுத்த விலையில் தகப்பன் என்ற நிலையின் பெரும்பகுதி அடங்கும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மகனிடம் செலவிட முடியாத நேரம் பேரனிடம் செலவாகிறது. மகன் கீழே விழுந்தால் அதட்டியவர், பேரன் விழுந்தால் தரையை அடிக்கிறார். இதைக் கண்டு மகனுக்கு வரும் சிறு பொறாமையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பழைய தையல்காரர் பேரனுக்குச் சட்டை போட்டுவிடுவதை அருகிருந்து கவனித்தால் தொழிலும் பாசமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது தெரியும். காதர்பேட்டையில், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும் கழித்துவிடப்பட்ட சரக்கும் சில்லறையாக விற்கும் சந்தையில், வாங்கிய குட்டி டி-சர்ட்டை அவர் முதலில் உள்புறம் வெளியே வரும்படி திருப்புகிறார். கழுத்து ரிப்பை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்து, விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறார். தோள் தையலில் நூல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவுகிறார். தொங்கும் பிசிறை வெட்டுகிறார். கழுத்தில் உறுத்தும் லேபிளைத் தையல் பிரியாமல் எடுத்துவிடுகிறார். கம்பெனியில் செக்கிங் மேசையில் நாளெல்லாம் செய்யப்படும் வேலைதான் இது. வேறுபாடு என்னவென்றால், இங்கே டேமேஜ் என்று ஒதுக்கப்பட்டதைக்கூட ஊசியெடுத்துச் சரிசெய்து போட்டுவிடலாம்.

குழந்தை உடைகளுக்கு வெளிநாட்டு வாங்குநர்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் கடுமையானவை, கடுமையாகவே இருக்க வேண்டியவை. தைக்கும்போது ஊசி ஒடிந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டிய பிறகே புது ஊசி தருகிறார்கள். தைத்த உடைகள் பெட்டிக்குள் போகுமுன் உலோகம் கண்டறியும் கருவியின் வழியே செல்கின்றன. அழுத்துப் பொத்தான்களைக் குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தர விதி, ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்திலோ தலைமூடியிலோ இழுகயிறு வைப்பதைத் தடை செய்கிறது. துணியில் உள்ள தீங்கான வேதிப்பொருள்களைச் சோதிக்கும் ஓகோ-டெக்ஸ் தரச்சான்றில், மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு உரிய முதல் வகுப்பே மிகக் கண்டிப்பானது. இவ்வாறு எங்கோ ஒரு நாட்டில் உள்ள, பெயர் தெரியாத குழந்தையின் கழுத்தும் தோலும் விரலும் திருப்பூரில் மணிக்கணக்கில் பாதுகாக்கப்படுகின்றன. அதைச் செய்யும் பெண்ணின் சொந்தக் குழந்தையைப் பாதுகாப்பது அதே நேரத்தில் வீட்டில் உள்ள முதியவரின் பொறுப்பு. இந்த இரண்டாவது பாதுகாப்பு இல்லாவிட்டால் முதலாவது நடக்காது என்பதை ஆர்டர் தருகிறவர்களும் எடுக்கிறவர்களும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலாளிகளாக உயர்ந்த குடும்பங்களில் பாசத்தின் கணக்கு வேறு. அங்கே பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். தாத்தாவின் கவலை தொழில் யார் கைக்குப் போகும் என்பது. மிதாட்சர முறைப்படி, அதாவது பிறப்பினாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்கும் பழைய இந்துச் சட்ட மரபின்படி, மூதாதையர் சொத்தில் பேரனுக்கும் உரிமை உண்டு. ஆனால் தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்ததை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், தந்தை உயிரோடிருக்கும் வரை பேரனுக்கு அதில் பங்கில்லை என்று 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தை 1986இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருப்பூரில் தாத்தாக்களின் சொத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. ஆகவே பேரன் பெயரில் உயிலும் தானப்பத்திரமும் எழுதுவதும், சில குடும்பங்களில் புது யூனிட்டுக்கே பேரன் பெயரை வைப்பதும் நடக்கின்றன. இதில் ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. தமிழகம் 1989லேயே மகளுக்குச் சம உரிமை தந்து சட்டத்தைத் திருத்திவிட்டது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. அப்படியிருந்தும் பேத்தி பிறந்தபோது மிட்டாய் மட்டும் கொடுத்துவிட்டு, பேரன் பிறந்தபோது குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டவர்கள் கொங்கு நாட்டில் அரிதல்லர். அண்டையிலுள்ள சேலத்தில் பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்ததையும், 2001 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்ததையும் மறந்துவிட்டுப் பேரன் பாசத்தை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

நேர்மைக்கு இன்னொரு தேவையும் உண்டு. பேரனை வண்டியில் ஏற்றிப் பன் வாங்கித் தருவது தாத்தா. அவனைக் குளிப்பாட்டி, மலம் கழுவி, சோறூட்டி, இரவில் காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது பெரும்பாலும் பாட்டி. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாரைப் பராமரிக்கும் ஊதியமற்ற பணியில் ஒரு நாளில் பெண்களில் 27.6 விழுக்காட்டினரும் ஆண்களில் 14 விழுக்காட்டினருமே ஈடுபட்டதாகக் காட்டியது. குழந்தைகளின் உயிர்பிழைப்பில் உறவினர்களின் பங்கை ஒப்பிட்டு ரெபெக்கா சியர், ரூத் மேஸ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் தாய்வழிப் பாட்டியின் உதவியை உறுதிசெய்தது. தாத்தாவின் இருப்பால் பெரிய வேறுபாடு எதையும் அது காணவில்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் உள்ள ஆய்வுகள் பெரும்பாலும் நவீன மருத்துவம் எட்டாத சமூகங்களைப் பற்றியவை. திருப்பூரில் பாட்டியும் சும்மா இருப்பதில்லை. பிசிறு வெட்டவும் செக்கிங் பார்க்கவும் அறுபது வயதுப் பெண்ணுக்கும் வேலை கிடைக்கிறது, கண் மங்கிய ஆண் தையல்காரருக்கோ வாட்ச்மேன் வேலை தவிர வேறொன்றும் எளிதில் அமைவதில்லை. ஆகவே பாட்டி கம்பெனிக்குப் போக, தாத்தா வீட்டில் சோறு வடித்துப் பேரனுக்குப் பிசைந்து ஊட்டும் காட்சி இங்கே புதிதாக உருவாகியிருக்கிறது. கொங்கு ஆண்மையின் பழைய இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. தேவை அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

பெற்றோரும் தாத்தாவும் ஒரே வீட்டில் இருப்பது வாய்க்காத குழந்தைகளும் உண்டு. தாத்தாவால் ஊரைவிட்டு வர முடியாதபோது பையனை அவரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திருப்பூருக்கு வருகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது பையன் அம்மாவைப் பார்த்துத் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிகிறான். சீனாவில் இவ்வாறு கிராமத்தில் விடப்பட்டவர்கள் 6 கோடிக்கு மேல் என்று 2010 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிடப்பட்டது. அங்கும் பெருந்தொகையான குழந்தைகளை வளர்த்தவர்கள் தாத்தா பாட்டிகளே. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் தொழிலாளிகளின் குழந்தைகளுக்கோ தாத்தா என்பவர் செல்போன் திரைக்குள் இருப்பவர். லைன் வீட்டில் பக்கத்து அறைத் தாத்தா அந்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். தமிழில் அவர்கள் முதலில் கற்கும் சொற்களில் ஒன்று தாத்தா என்பதில் வியப்பில்லை.

இந்தப் பணிக்கு ஈடாக முதியவருக்குக் கிடைப்பது மிகச் சிறிது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. வருங்கால வைப்புநிதி பிடிக்கப்பட்ட பேறு பெற்றவர்களுக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வயதுவந்த பேரனையும் தாத்தாவைக் காக்கும் கடமை உள்ளவனாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் எக்ஸ்எல் வண்டியில் நின்று வருகிறவனுக்கு வயது வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு விதித்த 50 விழுக்காடு வரியால் ஆர்டர்கள் ஆட்டம் கண்டபோது, ஷிப்டு குறைந்து பெற்றோர் சீக்கிரமே வீடு திரும்பியதில் பேரனுக்கு மகிழ்ச்சிதான். சனிக்கிழமைச் சம்பளம் குறைந்ததில் முதலில் நின்றது தாத்தாவின் மாத்திரைச் செலவு.

வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைச் சட்டம் அடியோடு மறந்துவிடவில்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948லேயே தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் அதைக் கடமையாக்கியது. திருப்பூரிலோ 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழில் சிறு சிறு கூறுகளாகவும் கான்ட்ராக்டுகளாகவும் உடைந்துகொண்டே போனதால், நிட்டிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் நாலிடம் என்று சிதறிய யூனிட்டுகளில் பல இந்த எண்ணிக்கைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. எண்ணிக்கைக்கு மேலே உள்ள இடங்களிலும், வாங்குநரின் தணிக்கையாளர் வரும் நாளில் பொம்மைகளோடு திறந்து மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் காப்பக அறைகளைப் பற்றித் தொழிலாளிகள் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பல நிறுவனங்கள் தம் பணத்தைச் சேர்த்துப் பொதுக் காப்பகம் அமைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கூட்டாகச் செலவிடுவது திருப்பூருக்குப் பழக்கமில்லாததும் அல்ல. நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இதே ஊர் பட்டறைகள் பங்கு போட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தியமைத்து, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிக் காட்டியது. அதற்கு நீதிமன்றத்தின் பூட்டு தேவைப்பட்டது. குழந்தைகளுக்காக யாரும் கம்பெனியைப் பூட்டப்போவதில்லை. ஆகவே ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் மாநகராட்சியும் தாமாகவே முன்வந்து, தொழிற்பேட்டைக்கு ஒன்றாக, இரவு எட்டரை வரை திறந்திருக்கும் பொதுக் காப்பகங்களைத் தொடங்க வேண்டும். அவற்றில் விருப்பமுள்ள முதியவர்களுக்குக் கூலியோடு வேலையும் தர வேண்டும். முப்பது ஆண்டுகள் மெஷினில் உட்கார்ந்த ஒருவர், தம் பேரனையும் பக்கத்து அறைப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஷிப்டுச் சம்பளம் கேட்டால் அது அதிகமில்லை.